பழைய லேசர் போட்டுக்கு மெயின்ஷீட் கயிறு, பிளாக் எல்லாம் மாத்தணும், எதுல இருந்து ஆரம்பிக்கறது?

கார்த்தி_நீலாங்கரை

வணக்கம் எல்லாருக்கும். சென்னை ஹார்பர்ல செயிலிங் பண்ணிட்டு இருக்கேன். கிளப்ல ஒருத்தர் கைமாத்திவிட்ட பழைய லேசர் ஒண்ணு வாங்கியிருக்கேன், இப்ப ஐஎல்சிஏன்னு பேர் மாத்திட்டாங்கல்ல, ஒத்தை ஆள் ஓட்டற அதே சின்ன பாய்ப்படகு தான். ஹல்லுல (போட் உடம்புல) பெரிசா அடி எதுவும் இல்ல, மாஸ்ட் நேரா இருக்கு, பாயும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பிரச்சனை எல்லாம் மெயின்ஷீட்ல தான், அதாவது பாயை இழுத்து விடற கயிறுல.

கூட வந்த கயிறு நல்ல தடிமன், 9 மிமீ இருக்கும், உப்பு ஏறி விறைச்சுப்போயிருக்கு, சுருட்டி வச்சா சுருண்டபடியே நிக்குது. பிளாக் (கயிறு ஓடற கப்பி) எல்லாம் பழைய காலத்து சாதா சக்கரம், பால் பேரிங் கிடையாது. காக்பிட் (உக்கார்ற குழி) நடுவுல இருக்கற பிளாக்குக்கு ராட்செட்டும் (சக்கரத்தை ஒரு பக்கமா மட்டும் சுத்தவிடற பூட்டு) இல்ல, அதைத் தூக்கி நிறுத்தற ஸ்ப்ரிங் வேற ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறி 15 நாட் வேகத்துக்குப் பக்கம் வந்துட்டா முழங்கைக்குக் கீழ மரத்துப்போகுது, ஒரு லெக் (ஒரு நேர் ஓட்டம்) முழுசா பிடிச்சுட்டு போக முடியல. அதே சமயம் காலைல காத்து மெல்லிசா இருக்கறப்ப கயிறை விட்டாலும் பூம் (பாயோட அடிக்கட்டை) வெளிய போக மாட்டேங்குது, கையால தள்ளிவிட வேண்டியிருக்கு.

என் பொண்ணும் இதே போட்ல சின்ன ரிக் (பாய், மாஸ்ட் செட்) போட்டு ஓட்டப்போறா, அவளுக்கு 14 வயசு, அதனால அவ கைக்கும் சரியா வரணும். என் கேள்வி என்னன்னா, இன்னொரு பிளாக் சேத்து பர்சேஸ் (கப்பி வச்சு இழுப்பு பலத்தைக் கூட்டற ஏற்பாடு) ஏத்தினா இழுக்கறது லேசாகுமா? இல்ல கயிறை மாத்தினா போதுமா? கயிறு எத்தனை மிமீ, எவ்வளவு நீளம்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தற பட்ஜெட் இல்ல, அதனால எது முதல்ல எது அப்புறம்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

பழைய_சுக்கான்

கார்த்தி, போட் வாங்கினதுக்கு வாழ்த்துகள். பர்சேஸ் ஏத்தற ஐடியாவை முதல்ல விட்டுருங்க. லேசர்ல அது கிளாஸ் ரூல்படி (இந்த ரக போட்டுக்கான ரேஸ் ரூல்) முடியாது, கயிறு ஓடற வழி எல்லா போட்டுக்கும் ஒண்ணு தான். ரூலை விட்டாலும் உங்களுக்கு அது தேவையே இல்ல, ஏன்னு சொல்றேன்.

கயிறு எப்படி ஓடுதுன்னு ஒரு தடவை கரையில வச்சு கையால தொட்டுக்கிட்டே வாங்க. பூமோட பின் நுனி பிளாக்ல இருக்கற பெக்கெட்ல (கயிறு கட்டற வளையம்) முடிச்சு, அங்கேருந்து கீழ ட்ராவலர் (போட் பின்பக்கம் குறுக்கே கட்டின கயிறு) பிளாக், திரும்ப மேல பூம் நுனி பிளாக், அப்புறம் பூமை ஒட்டியே முன்னாடி வந்து நடு பூம் பிளாக், அங்கேருந்து நேரா கீழ காக்பிட் பிளாக், அதுக்கப்புறம் உங்க கை. பூம் நுனியைக் கீழ இழுக்கறது ரெண்டு கயிறு, நடு பூமை இழுக்கறது ஒரு கயிறு. நடுவுல இழுக்கறதுக்கு நுனில இழுக்கற அளவு பலம் கிடையாது, அதனால கணக்கு மூணுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். முழு ரிக் பாயே 7.06 சதுர மீட்டர் தான், நடு சைஸ் ரிக்கான ரேடியல் 5.76, சின்ன ரிக் 4.7. இந்தச் சைஸ் பாய்க்கு இந்த பர்சேஸ் தாராளம், உலகம் பூரா இதை வச்சு தான் ஓட்டறாங்க. நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போனது இதே ஏற்பாட்டுல ரேடியல் ரிக் போட்டு தான்.

அப்ப உங்க கை ஏன் மரத்துப்போகுது? நாலு இடத்துல கயிறு வளையுது, நாலு இடத்துலயும் உரசுது. தடிச்ச விறைச்ச கயிறு, அதுக்குப் பத்தாத சின்ன சக்கரம், அந்த சக்கரமும் உப்பு பிடிச்சு ஒழுங்கா சுத்தறதில்ல. இழுக்கறப்ப பாயோட பாரத்தோட சேத்து இந்த உரசலையும் நீங்க தான் இழுக்கறீங்க. காத்து கம்மியா இருக்கறப்ப கயிறை விட்டீங்கன்னா அந்த உரசலே கயிறைப் பிடிச்சு வச்சுக்குது, பூம் போகாததுக்கு அதான் காரணம். நீங்க சொன்ன ரெண்டு தொல்லைக்கும் வேர் ஒண்ணு தான். இதுல இன்னொரு பிளாக்கைக் கொண்டு வந்து சேத்தா இன்னும் ஒரு வளைவு, இன்னும் கொஞ்சம் உரசல், இழுக்க வேண்டிய கயிறு நீளமும் கூடிப்போகும். மார்க் (ரேஸ்ல சுத்த வேண்டிய மிதவை) சுத்தறப்ப சரசரன்னு உள்ள இழுக்க வேண்டிய நேரத்துல அள்ளி அள்ளி மாளாது.

அதனால என்னோட வரிசை இது. முதல்ல காக்பிட்ல ஒரு நல்ல ராட்செட் பிளாக். 57 மிமீ சக்கரம் உள்ளது, ஹார்கன், ஆலன், ரான்ஸ்டன் எந்த கம்பெனியா இருந்தாலும் சரி. ராட்செட் என்ன பண்ணும்னா, இழுக்கறப்ப சக்கரம் கூடவே சுத்தும், விடறப்ப சக்கரம் பூட்டிக்கும், பூட்டின சக்கரத்து மேல கயிறு உரசி நிக்கறதால பாரத்துல பெரும் பங்கை பிளாக்கே தாங்கிக்கும். உங்க கைக்கு வர்றது மீதி தான். இதை மாத்தின அன்னிக்கே வித்தியாசம் தெரியும். போடறப்ப திசை பாத்துப் போடுங்க, கயிறை இழுத்தா கிர்ர்ருனு சத்தம் கேக்கணும், விட்டா சக்கரம் நிக்கணும். தலைகீழா கோத்துட்டு பிளாக் சரியில்லன்னு திருப்பி அனுப்பினவங்க உண்டு. சைடுல ஒரு ஸ்விட்ச் இருக்கும், காத்து கம்மியான நாள்ல அதை ஆஃப் பண்ணிட்டா சக்கரம் ரெண்டு பக்கமும் சுத்தும். பாரம் ஏறினா தானா பூட்டிக்கற மாடலும் இருக்கு, ஹார்கன்ல ராட்சமாட்டிக்னு பேரு, விலை கூட, ஆனா 14 வயசுப் பொண்ணு ஓட்டறான்னா அவ ஸ்விட்சைத் தேடிக் குனிய வேண்டியதில்ல, அந்த வசதியை நான் பெரிசா நினைக்கறேன்.

ரெண்டாவது கயிறு. மூணாவது தான் பூம்லயும் ட்ராவலர்லயும் பால் பேரிங் பிளாக். இந்த மூணும் ஆனப்புறம் காலைக் காத்துல பூம் தானா வெளிய போகும் பாருங்க. ரேஸ் போற எண்ணம் இருந்தா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரூல் புத்தகத்தைப் படிச்சிருங்க, எந்த இடத்துக்கு எந்த பிளாக்னு அதுல தனித்தனியா சொல்லியிருக்கு.

கார்த்தி_நீலாங்கரை

அண்ணா ரொம்ப நன்றி, கயிறு ஓடற வழியை நீங்க சொன்ன மாதிரியே தொட்டுப் பாத்தேன், ட்ராவலர் பிளாக் சக்கரம் விரலால சுத்தினாக்கூட அசையல, அங்கயே பாதி பலம் போயிருக்கு போல.

கயிறு விஷயத்துல இன்னும் குழப்பமா இருக்கு. ஒருத்தர் டைனீமா (ரொம்ப வலிமையான செயற்கை இழைக் கயிறு) போடுங்க, அது நீளவே நீளாதுங்கறார். இன்னொருத்தர் காசிமேட்டுல போய் மீட்டர் கணக்குல நைலான் வாங்கிக்கோங்க, மீன்பிடி போட்டுக்கே தாங்குது உங்க சின்ன போட்டுக்குத் தாங்காதாங்கறார். 8 மிமீ வாங்கினா கைக்கு வசதி, 6 மிமீன்னா ஓட்டம் நல்லா இருக்கும்னு ரெண்டு கட்சி வேற. யாராச்சும் தெளிவா சொல்லுங்களேன்.

சாங்கி_செல்வி

வணக்கம் கார்த்தி அண்ணா, நான் சிங்கப்பூர்ல ஐஎல்சிஏ 6 (அதான் ரேடியல் ரிக்) ஓட்டறேன், ஜூனியர் பிள்ளைங்களுக்கும் வீக்கெண்ட்ல கத்துக்குடுக்கறேன், அதனால கயிறு பத்தி நான் சொல்றேன்.

காசிமேட்டுக் கயிறு மட்டமான கயிறுன்னு யாரும் நினைக்க வேணாம், வலிமைல அது ஒண்ணும் குறைஞ்சது இல்ல. நைலானோட குணமே இழுத்தா நீளறது, அதனால தான் நங்கூரத்துக்கு அது ஒசத்தி, அலை அடிக்கறப்ப வர்ற வெட்டு இழுப்பை அது வாங்கிக்கும். மெயின்ஷீட்ல அதே குணம் தொல்லை, காத்து ஒரு அடி அடிச்சா கயிறு நீண்டு பூம் மேல எழும்பிரும், பாயோட பின் ஓரம் திறந்துக்கும், நீங்க கையை அசைக்காமலே பாய் ஷேப் மாறிப்போகும். போதாததுக்கு நைலான் தண்ணி குடிக்கும். சாதா பாலிப்ராப்பிலீன் கயிறு மிதக்கும், லேசு தான், ஆனா நம்ம ஊர் வெயில்ல சீக்கிரம் நைஞ்சு தூள் தூளா உதிர ஆரம்பிச்சுரும், கைக்கும் வழுக்கும்.

டைனீமா வலிமைல பெரிய ஆள், தண்ணிய விட லேசு, நீளாது. ஆனா தனி டைனீமா ரொம்ப வழுக்கும், ராட்செட் சக்கரத்துலயும் பிடிக்காது, கைலயும் பிடிக்காது. மேல பாலியெஸ்டர் உறை போட்டு உள்ள டைனீமா வச்ச கயிறு இருக்கு, நல்லா இருக்கும், விலையும் நல்லா இருக்கும். உங்க போட்டுக்கு அவ்வளவு வலிமை எதுக்குன்னு கேக்கறேன். 8 மிமீ சாதா பாலியெஸ்டர் கயிறே ஆயிரம் கிலோவுக்கு மேல தாங்கும், லேசர் மெயின்ஷீட்ல அதுல பத்துல ஒரு பங்கு பாரம் கூட வராது. மெயின்ஷீட்டோட கனத்தை நம்ம முடிவு பண்றது அறுந்துபோகுமோன்னு பயந்து இல்ல, கைக்குப் பிடிக்கணும், பிளாக்ல சரளமா ஓடணும், அந்த ரெண்டை வச்சு தான்.

எங்க கிளப்ல முக்கால்வாசிப் பேர் வச்சிருக்கறது 7 மிமீ. ரூஸ்டர் கம்பெனியோட பாலிலைட்னு ஒண்ணு வரும், பாலிப்ராப்பிலீன் கலந்து நெய்த லேசான கயிறு, தண்ணி அவ்வளவா ஏறாது, புதுசுலயே மெத்துன்னு இருக்கும், அது லேசர்காரங்களுக்கு ரொம்பப் பழக்கமானது. மார்லோலயும் இதே மாதிரி டிங்கி (சின்ன பாய்ப்படகு) ஷீட் வருது. 6 மிமீ காத்து இல்லாத நாளுக்கு அருமை, ஆனா 15 நாட்ல உள்ளங்கைல அறுக்கும், ராட்செட்டும் மெல்லிசான கயிறை அவ்வளவு பலமா பிடிக்காது. இங்க சிங்கப்பூர்ல பெரும்பாலும் காத்து 5, 6 நாட் தான், அதனால 6 மிமீ ஒண்ணு கூட வச்சிருப்போம், ஆனா சுமத்ரா பக்கமிருந்து புயல்காத்து வரும்னு தெரிஞ்சா 7 மிமீ தான் கோப்போம். உங்க கடல்காத்துக்கும் உங்க பொண்ணு கைக்கும் 7 மிமீ ஒண்ணு போதும். ரேஸ் ரூல்ல 6 மிமீக்குக் கீழ போகக்கூடாது, முழு நீளமும் ஒரே கனம் ஒரே பொருளா இருக்கணும், அதனால ஒரு பக்கம் மெலிஞ்ச கயிறு வாங்கிராதீங்க.

நீளம் 14 மீட்டர் வாங்குங்க, முடிச்சுப் போக பதிமூணரை நிக்கும். காத்து பின்னாடி வர்றப்ப பூமை 90 டிகிரி தாண்டியும் விட வேண்டியிருக்கும், அதுக்குக் குறைஞ்சா கயிறு பத்தாம பூம் இழுத்துப் பிடிச்சுக்கும். ரொம்ப நீளமா வாங்கினா காக்பிட்ல காலைச் சுத்தும், பிள்ளைங்களுக்கு அது ஆபத்து. கயிறோட கைப்பக்க நுனியை ஹைக்கிங் ஸ்ட்ராப்ல (கால் மாட்டற பட்டைல) கட்டி வச்சுருங்க, கயிறு பிளாக்கை விட்டுப் பறந்து போகாது, சிக்கும் குறையும். புதுக் கயிறை முதல் நாளே கோக்காம ஒரு பக்கெட் நல்ல தண்ணில ஊறவச்சு, நீளமா விரிச்சு முறுக்கு எடுத்துட்டு அப்புறம் கோருங்க.

ஏரிக்கரையான்

வணக்கம். நான் இருக்கிறது ஸ்காபரோவில, ஒன்ராறியோ ஏரியில ஓட்டுறன். என்னட்ட லேசர் இல்லை, கபின் உள்ள 22 அடி கட்டலீனா பாய்ப்படகு ஒண்டு. தங்கச்சி செல்வி சொன்னதில எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பாரத்தைப் பற்றி மட்டும் ரெண்டு வசனம் எழுதுறன், ஏனெண்டால் என்ர படகுக்கு மெயின்ஷீட் மாத்தேக்க இந்தக் கணக்கு எனக்கு நல்லா உதவினது.

காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்காகும். 10 நொட்டில சுகமா ஒற்றைக்கையால பிடிக்கிற ஷீற் (மெயின்ஷீட்) 20 நொட்டில அதே பாய்க்கு நாலு மடங்கு இழுக்கும். கார்த்தி தம்பிக்குக் காலமை கைக்குப் பிரச்சினை இல்லாமல் பின்னேரம் மட்டும் கை விறைக்கிறது அதாலதான். என்ர பாய் உயரம் 21 அடி, பூம் பக்கம் 9.66 அடி. ஹார்கன் ஆக்கள் குடுக்கிற சூத்திரத்தில போட்டுப் பாத்தால் பூம் நுனியில 15 நொட்டுக்குக் கிட்டத்தட்ட 80 கிலோ, 20 நொட்டுக்கு 145 கிலோ வருது. நாலுக்கு ஒண்டு பர்சேஸில கைக்கு வாறது 20 கிலோவும் 36 கிலோவும், அதுவும் உராய்வே இல்லை எண்டு வச்சால். என்ர படகில பர்சேஸ் கூட்டுறதில நியாயம் இருக்கு, லேசருக்கு அது தேவைப்படாது எண்டு பழைய சுக்கான் அண்ணை சொன்னது சரி.

இதில இன்னொரு விசயம், ஷீற்றை பூமின்ர நுனியில பிடிக்காமல் நடுவில பிடிச்சால் அதே வேலைக்குப் பாரம் ரெண்டு மடங்கு வேணும். ஆரும் கபினுக்கு மேல ட்ராவலரைக் கொண்டுபோய் வைக்கிற எண்ணத்தில இருந்தால் இதை யோசிச்சுச் செய்யுங்கோ, பூமும் வளையும்.

தம்பி, புது ப்ளொக் வாங்கிறதுக்கு முதல் அந்த ப்ளொக் எதில நிக்குது எண்டதைப் பாருங்கோ. ராட்செட் போட்டாப் பிறகு முந்தி உங்கட கை தாங்கின பாரத்தை இனி காக்பிட் தரையில இருக்கிற ரெண்டு ஸ்க்ரூதான் தாங்கப்போகுது. பழைய லேசரில அந்த ஸ்க்ரூ உள்ளுக்க ஒட்டியிருக்கிற மரத்துண்டில பிடிச்சு நிக்கும். அதுக்க தண்ணி போய் மரம் உக்கியிருந்தால், பலமான காத்தில ப்ளொக் தரையோட கழண்டு வந்திடும், அதோட ஹல்லுக்க தண்ணி இறங்கவும் வழி திறக்கும். ஸ்க்ரூவை ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ, நுனியில ஈரமான மரத்தூள் ஒட்டி வந்தால் பிழை. அப்பிடியெண்டால் ஓட்டையைச் சுரண்டி நல்லாக் காயவிட்டு, எபொக்சியைத் தடிப்பாக்கி நிரப்பி, இறுகினாப் பிறகு புதுசாத் துளைச்சுப் பூட்டுங்கோ. பூட்டேக்க ஸ்க்ரூவைச் சுத்தி சீலன்ற் வைக்க மறக்க வேண்டாம்.

பழைய_சுக்கான்

ஏரிக்கரையான் ஐயா சொன்ன ஸ்க்ரூ விஷயம் தங்கமான பேச்சு. நான் வரிசை சொன்னப்ப அதை முதல்ல வச்சிருக்கணும்னு இப்ப தோணுது, கார்த்தி அதைப் பாக்காம ராட்செட்டுக்கு ஆர்டர் போடாதீங்க.

அதோட பூமையும் பாருங்க. பூம் அலுமினியம், பிளாக் மாட்டியிருக்கற பட்டையும் ரிவெட்டும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். உப்புத் தண்ணில ரெண்டு உலோகம் ஒட்டி இருந்தா அலுமினியத்தைத் தின்னுரும். ரிவெட்டைச் சுத்தி வெள்ளையா பொடி பூத்திருந்தா உள்ள அரிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம். சென்னை மாதிரி ஊர்ல போட் வருஷம் பூரா உப்புக்காத்துல கெடக்கு, இது வராம இருக்கவே இருக்காது, அடிக்கடி பாக்கறது ஒண்ணு தான் வழி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு பட்டையைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ரிவெட்டை ட்ரில் பண்ணி எடுத்துட்டு புதுசு அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி டூராலாக் பேஸ்ட் தடவுங்க, ரெண்டு உலோகமும் நேருக்கு நேர் தொடாம அது காப்பாத்தும். பழைய ஓட்டை பெரிசாயிருந்தா அதுலயே அடிக்காம கொஞ்சம் தள்ளி புது ஓட்டை போட ரூல் இடம் குடுக்குதான்னு பாத்துட்டு செய்யுங்க.

ட்ராவலரை யாரும் பேசல. பழைய போட்டுல அது பாலியெஸ்டர் கயிறா இருக்கும், இழுத்து இழுத்து தளர்ந்து போயிருக்கும். தளர்ந்த ட்ராவலர்ல நீங்க மெயின்ஷீட்டை இறுக்கினா ட்ராவலர் பிளாக் நடு போட்டுக்கு மேல எழும்பி வந்துரும், பூம் நுனி கீழ வராது, நீங்க இழுக்கற இழுப்புல பாதி அந்தக் கயிறைத் தூக்கறதுக்கே போயிரும். டைனீமா போடறதா இருந்தா இங்க போடுங்க. யாரும் கையால பிடிக்கற கயிறு இல்ல, நீளக்கூடாது, வழுக்கினா பிளாக்குக்கு நல்லது. நீளமும் கொஞ்சம் தான், செலவு ரொம்ப ஆகாது. விறைப்பா கட்டுங்க, டில்லர் (சுக்கான் பிடி) அடில ஃப்ரீயா அசையற அளவுக்கு மட்டும் இடம் விட்டா போதும். டில்லர்ல கயிறு உரசற இடத்துல ஒரு வழவழப்பான பட்டை ஒட்டிருங்க, இல்லன்னா கட்டை அறுபடும். ட்ராவலர்ல ரெண்டு பிளாக் முதுகோட முதுகா கோத்து நிக்கும், அது ஒண்ணு மேல ஒண்ணு திரும்பி முறுக்கிக்காம இருக்க டேப் சுத்தி விறைப்பாக்கிருங்க.

க்ளீட் (கயிறைக் கவ்விப் பிடிக்கற சாமான்) வேணுமான்னு அடுத்து கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிர்றேன். டெக்ல ரெண்டு பக்கமும் க்ளீட் போட ரூல் விடுது. உங்க பொண்ணு ஓட்டற போட்டுக்கு வேணாம். ஹார்பர் உள்ள கப்பல், கிடங்கு எல்லாத்தையும் தாண்டி வர்ற காத்து ஒரே சீரா இருக்காது, திடீர்னு ஒரு அடி அடிச்சு நிக்கும். கயிறு அந்த நேரத்துல க்ளீட்ல மாட்டியிருந்தா அதைத் தட்டி விடறதுக்குள்ள போட் கவுந்துரும். நல்ல ராட்செட்டும் 7 மிமீ கயிறும் இருந்தா க்ளீட் இல்லாமலே அவ பிடிப்பா, கைலயே வச்சிருந்தா காத்து எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னு கயிறே அவளுக்குச் சொல்லிக்குடுக்கும். அது க்ளீட்ல மாட்டி ஓட்டற பிள்ளைக்கு வராது, இதுல நான் உறுதியா இருக்கேன்.

பராமரிப்பு சிம்பிள். ஓட்டிட்டு வந்ததும் எல்லா பிளாக்கையும் நல்ல தண்ணில சுத்திவிட்டுக் கழுவுங்க. பால் பேரிங் பிளாக்ல கிரீஸ், எண்ணெய் எதுவும் விடாதீங்க, நம்ம ஊர் தூசியும் மணலும் அதுல ஒட்டி அரைச்சுரும். வேணும்னா சாய்ல்கோட் மாதிரி காஞ்ச ஸ்ப்ரே அடிக்கலாம். கயிறை காக்பிட்லயே விட்டுட்டு வராதீங்க, கழட்டி நிழல்ல தொங்கவிடுங்க.

கார்த்தி_நீலாங்கரை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. இன்னிக்கு சாயங்காலம் காக்பிட் ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டிட்டேன், ஒண்ணு காஞ்சு சுத்தமா வந்துச்சு, இன்னொண்ணுல ஏரிக்கரையான் அண்ணா சொன்ன மாதிரியே கறுப்பா ஈரத் தூள். குத்தூசி வச்சுக் குத்திப் பாத்ததுல மேலாக்க ஒரு அரை இஞ்ச் தான் மெத்துன்னு இருக்கு, அதுக்குக் கீழ கெட்டி. சுரண்டிட்டு ஃபேன் போட்டுக் காயவிட்டிருக்கேன். பூம் நுனி ரிவெட்ல ஒண்ணு ஆடுது, அதையும் மாத்திர்றேன்.

அப்ப என் லிஸ்ட் இப்படி வருது: எபொக்சி வேலையும் ரிவெட்டும் இந்த வாரம், ட்ராவலருக்கு டைனீமா, 57 மிமீ ராட்செட், 7 மிமீ கயிறு 14 மீட்டர். பூம் பிளாக்கும் ட்ராவலர் பிளாக்கும் அடுத்த ரவுண்டு. அது வரைக்கும் பழைய பிளாக்கை சுடுதண்ணில ஊறவச்சு உப்பைக் கரைச்சா சக்கரம் கொஞ்சமாச்சும் சுத்துமா?

கடைசியா இன்னொண்ணு. ஜைப் (பின்காத்துல பாயை அடுத்த பக்கம் மாத்தறது) பண்றப்ப மெயின்ஷீட் போட்டோட பின் மூலைல போய் மாட்டிக்குது, பூம் பாதில நின்னு போட் சுத்திப்போய் கவுந்துருது. பொண்ணுக்கு இதுல தான் பயமே. புதுக் கயிறு போட்டா இது போகுமா?

சாங்கி_செல்வி

சுடுதண்ணி கொதிக்கக் கொதிக்க வேணாம் அண்ணா, வெதுவெதுன்னு போதும், பிளாஸ்டிக் சக்கரம் கோணிக்கும். கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு ராத்திரி பூரா ஊறவச்சு, காலைல நல்ல தண்ணிய அடிச்சு விட்டுக்கிட்டே சுத்துங்க. உப்பு மட்டும் தான் பிரச்சனைன்னா நல்லாவே சுத்த ஆரம்பிக்கும். அச்சு தேஞ்சு சக்கரம் சாஞ்சு ஓடுதுன்னா அதை வச்சு ஓட்டாதீங்க, கயிறோட உறையைப் பிச்சுரும், புதுக் கயிறு வீணாப்போகும்.

ஜைப்ல மூலைல மாட்டறது லேசர் ஓட்டற எல்லாருக்கும் வர்றது, பொண்ணுகிட்ட அதைச் சொல்லுங்க முதல்ல. ஏன் மாட்டுதுன்னா பூம் நடுவுக்கு வர்ற நேரத்துல ட்ராவலருக்கும் பூம் நுனிக்கும் நடுவுல இருக்கற கயிறு தொய்ஞ்சு தண்ணியைத் தொடும், பூம் அந்தப் பக்கம் பாயறப்ப அந்தத் தொய்வு மூலையைக் கவ்விக்கும். புதுக் கயிறு லேசு, தண்ணி குடிக்காது, அதனால தொய்வு கம்மியாகும், பால் பேரிங் பிளாக் வந்தா இன்னும் சரளமா ஓடும். ஆனா முழுசா போகாது, மீதி கை வேலை. ஜைப் ஆரம்பிக்கறப்ப கயிறை ஒரு கை நீளம் உள்ள இழுக்கணும், பூம் தலைக்கு மேல வர்ற அந்த நொடி பூமிலிருந்து கைக்கு வர்ற கயிறை ஒரு சுண்டு சுண்டணும், மணிக்கட்டால மட்டும். சுண்டினா பின்னாடி தொங்கற தொய்வு மேல எழும்பி மூலையைத் தாண்டிரும். போட் வேகமா போயிட்டு இருக்கறப்ப ஜைப் பண்ணச் சொல்லுங்க, வேகத்துல பாய்ல பாரம் கம்மி, பயந்து போட் வேகம் குறைஞ்சப்புறம் பண்ணினா தான் பூம் பலமா அடிக்கும்.

கரையில ட்ராலில வச்சே இதைப் பழகலாம். பாயை ஏத்தி, மெல்லிசான காத்துல, நீங்க பூமை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளுங்க, அவ உக்காந்து இழுத்துச் சுண்டட்டும். எங்க பிள்ளைங்களுக்கு நாங்க இப்படித் தான் ஆரம்பிக்கறோம். புதுக் கயிறு கோத்த அன்னிக்கே பண்ணிருங்க, நீளம் சரியா இருக்கா, ராட்செட் திசை சரியா இருக்கான்னு அதுலயே தெரிஞ்சுரும். கொஞ்ச நாள் ஓட்டினப்புறம் கயிறை நுனி மாத்திக் கோருங்க, காத்தை எதுத்து ஓட்டறப்ப ராட்செட்ல எப்பவும் ஒரே இடம் தான் உரசும், மாத்திக் கோத்தா அந்த இடம் வேற பக்கம் போயிரும்.

ஏரிக்கரையான்

தம்பி, அந்த அரை இஞ்ச் ஈரம் முழுக்கக் காயாமல் எபொக்சி ஊத்த வேண்டாம், உங்கட ஊர்க் காத்தில ஈரப்பதன் கூட, ரெண்டு மூண்டு நாள் கூடுதலா விடுங்கோ. பின்னுக்கு இருக்கிற ட்ரெயின் பிளக்கைக் கழட்டி ஹல்லுக்க இருக்கிற தண்ணியையும் வடியவிடுங்கோ. மற்ற ஸ்க்ரூ சுத்தமா வந்தாலும் அந்த ஓட்டையையும் சேத்து எபொக்சியால நிரப்பித் துளையுங்கோ, ரெண்டும் ஒரே பலத்தில நிக்கோணும்.